புகைப்படத்தை ‘டச்சிங்’ செய்வது என்றால் என்ன, அது ஏன் தேவைப்படுகிறது?

எடுத்த படத்தில் விழுந்த தூசி, கறை, பரு போன்றவற்றை நீக்கி, ஒளியையும் நிறத்தையும் சீராக்கும் வேலையே டச்சிங். கேரளத்தின் பாலராமபுரத்தில் நெய்யும் கசவு (சரிகைக் கரை) வேட்டியை இஸ்திரி போடுவதைப் போன்றது அது, சுருக்கம் போகுமே தவிர நெசவு மாறாது.

தேவை கேமரா பார்க்கும் விதத்திலிருந்து வருகிறது. களியக்காவிளைப் பக்கத்துக் கல்யாணங்களில் கசவு வேட்டியின் வெண்மையையும் நிழலில் நிற்கும் முகங்களையும் நம் கண் மாறி மாறிப் பழகிக்கொண்டு பார்த்துவிடுகிறது. கேமராவோ இரண்டையும் ஒரே நொடிப்பொழுதில் பதிய வேண்டியிருப்பதால், வேட்டி வெளுத்தோ முகம் இருண்டோ போகிறது. தொடக்ககாலக் கேமராக்களில் படம் பதிந்த தகடுகள் பெரிதும் நீல ஒளியையே உணர்ந்தன என்பதால், சிவந்த பருகூடக் கரும்புள்ளியாக விழுந்தது. ஒளியும் இருளும் தலைகீழாகப் பதியும் நெகட்டிவில் அந்த இடம் ஒளி ஊடுருவும்படி இருக்கும். கூரிய பென்சிலால் அதை மெல்ல நிரப்பினால் அச்சில் புள்ளி மறைந்துவிடும். (மாநிறத்தைச் சிவப்பாக்கித் தருவதை நான் டச்சிங் கணக்கில் சேர்ப்பதில்லை.) பாஸ்போர்ட் படத்தில் மச்சத்தை நீக்குவதும் கூடாது, அது அடையாளம்.

டச்சிங் கணினியோடு வந்த பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஃபோட்டோஷாப் வெளிவந்தது 1990-இல், நெகட்டிவைத் திருத்தும் வழக்கமோ 1850-களிலேயே இருந்தது.