மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் அரை நாள்தான் இருக்கிறது, பழைய கட்டடங்களை நடந்தே பார்க்க எங்கே தொடங்குவது?

வெயில் ஏறும் முன் பிட் ஸ்திரீட்டில் தொடங்குங்கள். இப்போது அதன் பெயர் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங், ஆனால் பழைய ஆட்களுக்கு இன்னும் பிட் ஸ்திரீட்தான். 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், அப்புறம் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று எல்லாம் ஒரே சாலையை ஒட்டி வரும். பள்ளிவாசலைத் தொடங்கியவர் தென்னிந்திய வணிகர்களின் தலைவர் காதர் முகைதீன்.

பலர் தவறவிடுவது மகாமாரியம்மன் கோயிலை. பிட் ஸ்திரீட்டில் நடப்பவர்களுக்கு அதன் பின்பக்கம்தான் தெரியும், கோபுரமும் வாசலும் குயின் ஸ்திரீட்டில். சுற்றிப் போங்கள். 1833-இல் எழுந்த கோயில், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

அங்கிருந்து சூலியா ஸ்திரீட் பக்கம்தான். மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் நினைவாகக் கடல் தாண்டி வந்த நம் ஆட்கள் எழுப்பியது, எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த கட்டடம், சின்னதுதான் என்றாலும் மதிலை ஒட்டிய குட்டிக் கடைகளோடு பார்த்தால் நாகூர்த் தெரு ஒன்று பெயர்ந்து வந்தது போல இருக்கும்.

போகும்போது கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையிலேயே நடங்கள், நிழல் கிடைக்கும். தரையை மட்டும் பார்த்துக் கால் வையுங்கள், வீட்டுக்கு வீடு பூ ஓடும் மாறும், உயரமும் மாறும்.

நேரம் மிஞ்சினால் கூ கொங்சி, அதாவது கூ என்ற சீனக் குலத்தாரின் குல மண்டபம். 1901-இல் எரிந்து, 1906-இல் மறுபடி எழுந்தது.