புது ரேம் போட்டால் பீப், பழசு போட்டால் ஓடுகிறது!

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய கோர் 2 டுவோ கம்ப்யூட்டர், ஜி41 போர்டு. 2 ஜிபி டிடிஆர்3 ரேம் பற்றவில்லை என்று 4 ஜிபி ரேம் வாங்கிப் போட்டோம். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது. திரையில் ஒன்றும் வரவில்லை, பீப் சத்தம் மட்டும் விடாமல் அடிக்கிறது. பழைய ரேமைப் போட்டால் ஓடுகிறது. கடையில் புது ரேம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். போர்டு போய்விட்டதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. பீப் அடிக்கிறது என்றாலே பிராசஸருக்கும் பயாஸுக்கும் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) உயிர் இருக்கிறது, ரேமைத்தான் காணோம் என்கிறது. கடைக்காரர் சொன்னதும் பொய்யாக இருக்காது.

புது ரேமைக் கையில் எடுத்து, அதில் உள்ள கறுப்பு சிப்புகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் மட்டும் எட்டு இருந்தால் சிக்கல் அங்கேதான். 8 ஜிகாபிட் சேர்ந்தால்தான் 1 ஜிபி. ஆக, 4 ஜிபியை எட்டு சிப்பில் அடக்கினால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். உங்கள் போர்டில் பிராசஸரையும் ரேமையும் இணைக்கும் ஜி41 சிப்செட்டோ ஒரு ரேம் சிப்புக்கு 2 ஜிகாபிட் வரைதான் கையாளும். அந்தத் தலைமுறையில் ரேமைக் கவனிக்கும் வேலை பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கும் சிப்செட்டில் இருந்தது. அதனால் பிராசஸரை மாற்றினாலும் பயாஸை அப்டேட் செய்தாலும் பலன் இல்லை. அதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் உள்ள 4 ஜிபி ரேமாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 (2Rx8) என்று இருக்கும். 1ஆர்எக்ஸ்8 (1Rx8) என்றால் வேண்டாம். அது கிடைக்கவில்லையா, இப்போது இருப்பதைப் போலவே இன்னொரு 2 ஜிபி வாங்கி அடுத்த ஸ்லாட்டில் போட்டுவிடுங்கள். இதுதான் செலவும் குறைவு, வம்பும் குறைவு. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் ஓட்ட நினைக்கிறீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும்) பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். ரேமின் தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிடுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம், பூச்சு போய்விடும். ஸ்லாட்டின் பூட்டு ‘டக்’கென்று விழும்வரை அழுத்துங்கள்.

கேள்வி: எனக்குக் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது. ஆனால் அரை மணி நேரத்தில் நீலத் திரை வந்து நின்றுவிடுகிறது. ரேம்தானா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இருக்கலாம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற மென்பொருள் இலவசம்தான். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் விடாதீர்கள். ரேம்களை ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதியுங்கள். எல்லா ரேமும் அங்கே பிழை காட்டினால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். பிழையே வரவில்லை என்றால் பிராசஸர் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.