டிஸ்கஷன்ல ரிசல்ட்டே திரும்ப வருதுன்னா

ஆய்வுக் கட்டுரைல உங்க டிஸ்கஷன் பகுதி ரிசல்ட்டையே திருப்பிச் சொல்லுதுன்னு ஒர்க்ஷாப் மென்ட்டர் சொன்னாங்க, எப்படி சரி பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. டிஸ்கஷனோட முதல் பாராவ நம்பரே இல்லாம எழுதிப் பாருங்க. இன்ட்ரோ கடைசில என்ன கேள்வி கேட்டீங்களோ அதுக்கு நேர் பதில், ரெண்டு மூணு வரி, அவ்ளோதான். பழனி மலைல மன்னவனூர் பக்கம் வாட்டில் (வெளிநாட்டுல இருந்து வந்து புல்வெளிய ஆக்கிரமிக்கிற மரம்) வெட்டின இடத்துல புல் திரும்ப வருதாங்கறதுதானே உங்க கேள்வி. நீங்க போட்ட டேபிள்படி "வருது, ஆனா வாட்டில் நாத்தும் கூடவே முளைக்குது". இதான் பதில்.

ஒர்க்‌ஷாப் மென்ட்டர் "ரிப்பீட் ஆகுது"ன்னு மட்டும் சொல்லிட்டு போனதுக்கு காரணம் பெரும்பாலும் இன்ட்ரோல கேள்வியே மங்கலா இருக்கறதுதான். ஆன்லைன் கிளாஸ்ல டெம்ப்ளேட் குடுத்துருவாங்க, நாமளும் கட்டம் கட்டமா நிரப்பிட்டு போயிருவோம், எல்லாரும் கேமராவ ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தா அவங்களும் யாரைத்தான் புடிச்சு கேப்பாங்க.

ஒரு செக் பண்ணுங்க:
1. டிராஃப்ட பிரின்ட் எடுத்து, உங்க நம்பரோ டேபிளோ வர்ற வரிய எல்லாம் பேனாவால அடிச்சிருங்க.
2. மிச்சம் ஒண்ணுமே இல்லன்னா "ஏன்"ங்கறத நீங்க எழுதவே இல்ல. வாட்டில் விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும், அங்கருந்து ஆரம்பிங்க.
3. அப்புறம் மத்தவங்க ஆய்வோட ஒப்பிடுங்க. பழனி மலைல நாப்பது வருஷத்துல புல்வெளி மூணுல ரெண்டு பங்கு சுருங்கிடுச்சுன்னு 2018ல ப்ளோஸ் ஒன்ங்கற ஜர்னல்ல ஒரு பேப்பர் வந்துச்சு, ஃப்ரீயாவே படிக்கலாம். கண்டுபிடிப்ப தலைப்புலயே வெச்சிருப்பாங்க, அதையும் கவனிங்க.

ஆனா சில ஜர்னல்ல ரிசல்ட்டும் டிஸ்கஷனும் ஒரே பகுதியா கேப்பாங்க, அங்க இந்த அடிக்கிற வேலை சரிப்படாது. ஆத்தர் கைட்லைன்ஸ ஒரு தடவ பாத்துட்டு பேனாவ எடுங்க.