பதில்: கரண்ட் போனால் ஜாபிக்ஸ் அலர்ட் வரவில்லை, 100% பேட்டரி 3 நிமிடத்தில் காலி

வணக்கங்க. திருமங்கலம் ஆபீஸில் கரண்ட் போகும்போது ஜாபிக்ஸ் (சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள்) அலர்ட் வரவில்லை, யுபிஎஸ் பேட்டரி 100% காட்டியும் 3 நிமிடத்தில் சர்வர் படுத்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனி பிரச்சினைகள்.

முதலில் ரூட்டர், ஃபைபர் மோடம், சுவிட்ச் மூன்றும் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். அவை சுவர் பிளக்கில் இருந்தால் ஜாபிக்ஸ் அலர்ட்டை உருவாக்கும், ஆனால் வெளியே அனுப்ப வழி இருக்காது. மூன்றையும் யுபிஎஸ்ஸின் பேட்டரி சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். சில மாடல்களில் சர்ஜ் (திடீர் மின் எழுச்சி) பாதுகாப்பு மட்டும் உள்ள, பேட்டரி இணைப்பு இல்லாத சாக்கெட்டும் இருக்கும், கவனம்.

அந்த 100% யுபிஎஸ்ஸின் கணிப்புதான். நைந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டும். லோடு ஏறியதும் சரியும். 12 வோல்ட் பேட்டரி லோடில் மளமளவென்று 10.5-க்கு இறங்கினால் மாற்றியே ஆக வேண்டும். 25 டிகிரிக்கு மேல் சுமார் 10 டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் பாதியாகும். மதுரைப் பக்கத்து மே மாத வெயிலில், ஏசி அணைத்துப் பூட்டிய அறையில் வேறென்ன நடக்கும்?

பேட்டரியை மாற்றும் வரை லோ பேட்டரி சிக்னலை நம்பவே நம்பாதீர்கள். யுபிஎஸ்ஸைக் கவனித்து சர்வரை அணைக்கும் நட் (NUT) மென்பொருளின் ஷெட்யூலரில் டைமர் வையுங்கள்: பேட்டரிக்கு மாறி 60 விநாடியில் ஷட்டவுன் தொடங்கட்டும். சர்வர் முழுதாக அணைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று முன்பே அளந்துகொள்ளுங்கள், டேட்டாபேஸ் இருந்தால் இழுக்கும்.

சோதிக்கும்போது யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த்தும் போய்விடும். சுவர் சுவிட்சை அணைத்தால் போதும்.