நீர்மட்டத்துக்கு மேலே சுரங்கம் தோண்டும்போது முகப்பு நிற்குமா? கேள்வி பதில்

தளப் பொறியாளர் ஒருவர்: எங்கள் சுரங்கப்பாதை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேதான் போகிறது. மண்ணை உலர்ந்ததாக வைத்து முகப்பை, அதாவது தோண்டும் முனையில் எதிரே நிற்கும் மண்சுவரைக் கணக்கிட்டால் போதாதா சார்?

பெரும்பாலும் அது பாதுகாப்பான பக்கம்தான். ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பது உலர்ந்த மண் அல்ல. ஈர மணலைச் செங்குத்தாக வெட்டினால் நிற்கும்; காய்ந்தால் சரியும், நீரில் மூழ்கினாலும் சரியும். துகள்களுக்கு இடையே தங்கிய நீர் அவற்றைச் சேர்த்து இழுக்கிறது. சக்‌ஷன் என்று நாம் சொல்லும் இந்த உறிஞ்சழுத்தம், காற்றழுத்தத்துக்கும் நீரழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். இது தரும் வலிமை நிஜமானது, ஆனால் நிலையானது அல்ல. எல்லாச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதே பொறியாளர்: எண்ணில் சொன்னால் எவ்வளவு வித்தியாசம் வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 6 மீட்டர், உராய்வுக் கோணம் (துகள்களின் உராய்வு தரும் வலிமையைக் காட்டுவது) 30 பாகை, எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன், சொந்தப் பிணைப்பு (துகள்கள் தாமாகவே ஒட்டி நிற்கும் வலிமை) எதுவும் இல்லாத வண்டல் கலந்த மணல். மேலே போதிய மண் மூடியிருந்தால், முகப்பு சரியாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தத்தை வெர்மீர் குழுவினர் 2002-ல் தந்த எளிய சூத்திரத்தில் கணக்கிடலாம்: சுமார் 15 கிலோபாஸ்கல்.

இனி சக்‌ஷனைச் சேர்ப்போம். நீர்மட்டம் சுரங்க மையத்துக்கு 4 மீட்டர் கீழே, நீர் அசையாமல் இருக்கிறது என்றால் மையத்தில் சக்‌ஷன் ஏறத்தாழ 40 கிலோபாஸ்கல். சக்‌ஷனுக்கான கோணத்தை (அது வலிமையை எந்த வீதத்தில் கூட்டுகிறது என்பதைக் காட்டுவது) 15 பாகை என்று எடுத்தால் கூடுதல் பிணைப்பு 10.7 கிலோபாஸ்கல். ஒவ்வொரு கிலோபாஸ்கல் பிணைப்பும் தேவையான அழுத்தத்தில் 1.73-ஐக் குறைக்கும். ஆக 18.5 குறைகிறது; முகப்பு தானாகவே நிற்கிறது! அதே சக்‌ஷன் பாதியானால் குறைவது 9.3 மட்டுமே, 6 கிலோபாஸ்கலை நாம் வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். இவை சரிவு எல்லையின் மதிப்புகள், பாதுகாப்புக் காரணி இன்னும் சேர்க்கவில்லை.

முதுகலை மாணவி: இந்த உறிஞ்சழுத்தத்தை வலிமைக் கணக்கில் சேர்க்க பிஷப் 1959-ல் சொன்ன வழியா, பிரெட்லண்ட் 1978-ல் சொன்ன வழியா? எதைப் பயன்படுத்துவது?

எது வேண்டுமானாலும் சரி, ஒரே கணக்கில் இரண்டையும் கலக்காதீர்கள். முதலாவது சக்‌ஷனைப் பயனுறு தகைவுக்குள்ளேயே (மண்துகள்கள் தாங்கும் தகைவுக்குள்ளேயே) கொண்டுவருகிறது. இரண்டாவது அதைத் தனி வலிமையாகக் கூட்டுகிறது. சக்‌ஷன் கூடக் கூட வலிமை நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். மணலில் அது ஓர் உச்சத்தைத் தொட்டு, மண் காயக் காய இறங்கிவிடும்.

இன்னொருவர்: முகப்புக்கு எண் 6 என்று ஒரு விதி படித்தேனே?

அது ப்ரோம்ஸ், பென்னர்மார்க் 1967-ல் தந்த நிலைத்தன்மை எண்ணின் எல்லை; முகப்பில் வரும் சுமை மண்ணின் வலிமையைப் போல எத்தனை மடங்கு என்பதே அந்த எண். நீர் வடியாத களிமண்ணுக்கானது. இங்கே பொருந்தாது.

ஆலோசனை நிறுவனப் பொறியாளர்: மழை பெய்தால் என்ன ஆகும்?

ஆழமான சுரங்கத்துக்கு மழைநீர் வந்து சேர நாளாகும். ஆழம் குறைந்தால் சீக்கிரம் வரும். மழையைவிட நான் பயப்படுவது மேலே கசியும் குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும்தான். ஓரிடத்தில் மட்டும் மண்ணை ஊறவைத்துச் சக்‌ஷனை அழித்துவிடும், கூடவே மண்ணின் எடையையும் ஏற்றும். பாதை நெடுக எடுத்த சராசரி அளவீட்டில் அந்த இடம் தெரியாது. அதனால் கசிவு சாத்தியமுள்ள இடங்களில் சக்‌ஷனைப் பூஜ்யமாக வைத்தே கணக்கிடுங்கள்.

அதே பொறியாளர்: அப்புறம், அளந்த சக்‌ஷனை எப்போதுதான் நம்புவது?

மண்ணின் உறிஞ்சழுத்தத்தை அளக்கும் டென்சியோமீட்டரைப் பல இடங்களில் வைத்து, ஈரமான பருவத்தையும் சேர்த்து அளந்திருந்தால், தோண்டல் தொடர்ந்து நகரும் நேரத்துக்கு அளந்ததில் மிகக் குறைந்த மதிப்பை எடுக்கலாம். சாதாரண டென்சியோமீட்டர் 80, 90 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். வேலை நின்று முகப்பு நாள்கணக்கில் திறந்து கிடக்கும் என்றால் அந்த மதிப்பையும் விட்டுவிடுங்கள். உள்ளே வீசும் காற்றில் மணல் முகப்பு காய்ந்து உதிர ஆரம்பிக்கும். அப்போது உள்ளே நிற்பது ஆட்கள்.