கலை வரலாற்று வகுப்பு: கேள்வி பதில்

தண்டையார்பேட்டை விரிவுரையாளர்: கிரேக்கம், ரோம், மறுமலர்ச்சி முடிந்த பிறகுதான் ஆசியா, ஆப்பிரிக்கா வருகிறது. பாடத்திட்டத்தில் கைவைக்கவும் முடியாது. என்ன செய்யலாம் சார்?

பதில்: யூனிட் அப்படியே இருக்கட்டும், உதாரணத்தை மாற்றுங்கள். ரோம் நடத்தும்போது பொம்பெய் நகரில் 1938-ல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையைக் காட்டுங்கள். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்தது அது. அதன் பக்கத்திலேயே, புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச்சாடி. 'உலகக் கலை' என்று கடைசியில் தனியாக ஒட்டினால், நாள் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

ராயபுரம் ஆசிரியை: நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டுகிற மாதிரி ஏதாவது?

பதில்: துணி, மேடம். காலடிப்பேட்டை, சென்னையின் ஆங்கிலேய கவர்னர் காலெட் காலத்தில் (1717-1720) நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத்துணியைப் பார்த்து மிரண்டு, உள்ளூர் நெசவைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்தின் பெரிய தடை 1721-ல்.

அந்தச் சாயவேலையைச் செய்தே காட்டலாம். படிகாரம், கடுக்காய்ப்பொடி, மஞ்சிட்டி (சிவப்புச் சாயம் தரும் வேர்) மூன்றும் பாரிமுனைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கோராத் துணியை (வெளுக்காத பருத்தித் துணி) கஞ்சி போக வெந்நீரில் அலசி, கடுக்காய் கலந்த எருமைப்பாலில் நனைத்துக் காயவிடுங்கள். வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகளை இரண்டு மூன்று வாரம் முன்பே ஊறப்போட்டிருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைத் தொட்டுத் துணியில் ஒரு கோடு போட்டால் கண்முன்னே கறுக்கும். படிகாரக் கோடு கண்ணில் படவே படாது. ஒரு நாள் காய்ந்தபின் மஞ்சிட்டித் தண்ணீரில் கொதிக்கவிட்டால் சிவந்து எழும். வகுப்பு விழித்துக்கொள்வது அங்கேதான். பாலைக் குறைத்தால் கோடு கசியும், கஞ்சி மிச்சமிருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

வியாசர்பாடி விரிவுரையாளர்: ஸ்லைடு போட்டாலே தூங்கிவிடுகிறார்கள்.

பதில்: ஒரு மணி நேரத்தில் நாற்பது ஸ்லைடா? நான்கு போதும். திரையில் எல்லாப் படமும் ஒரே அளவாகத் தெரிவதுதான் பெரிய கெடுதல். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் 'பேரலை' அச்சுப்படம் ஏறக்குறைய 26×38 செ.மீ., பிகாசோவின் 'குவெர்னிகா' ஓவியம் 3.5×7.8 மீட்டர். செய்தித்தாளை ஒட்டி இரண்டு அளவையும் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். அந்த அலையில் இருக்கும் பிரஷ்ய நீலம் பெர்லினில் பிறந்த நிறமி என்பதையும் சொல்லிவிடுங்கள்.

திருவொற்றியூர் மாணவர்: எழும்பூர் மியூசியத்தில் எதைப் பார்ப்பது சார்?

பதில்: ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியிலிருந்து வந்த சிற்பம் ஒன்றே ஒன்று. முதல் பத்து நிமிடம் பெயர்ப்பலகையைப் படிக்காமல் கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள், தம்பி. அதே ஸ்தூபியின் இன்னொரு பங்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. எப்படிப் போனது என்பதை அசைன்மென்ட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

கொருக்குப்பேட்டை ஆசிரியை: படங்களுக்குக் காப்புரிமைப் பிரச்சினை வராதா?

பதில்: நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017 முதல் காப்புரிமை இல்லாத (Public Domain) படைப்புகளின் படங்களை இலவசமாகத் தருகிறது. படத்தின் பக்கத்தில் 'Public Domain' என்ற குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து இறக்குங்கள்.