ஃபஸ்லூர் ரஹ்மான் கான் அப்படி என்னதான் செய்தார்? இரட்டைக் கோபுரம் அவருடையதா?

கேட்டவர் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் படிவம் 4 படிக்கும் தம்பி. இயற்பியல் புரோஜெக்குக்குக் கட்டமைப்புப் பொறியாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கானை எடுத்திருக்கிறார். எங்கே தேடினாலும் "உயரக் கட்டடங்களின் தந்தை" என்ற பட்டம்தான் கிடைக்கிறது, அவர் செய்தது என்ன என்று யாரும் விளக்கவில்லை என்கிறார். கோலாலம்பூரின் கேஎல்சிசி (பெட்ரோனாஸ்) இரட்டைக் கோபுரம் அவர் வேலையா, வீட்டிலேயே ஒரு மாடல் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

இரட்டைக் கோபுரம் அவருடையதில்லை. கான் 1982 மார்ச் 27 அன்று ஜெத்தாவில் மாரடைப்பால் இறந்துவிட்டார், வயது 52. கேஎல்சிசி வேலை 1990களில்தான் தொடங்கியது. கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி. கட்டமைப்புக் கணக்கு அமெரிக்காவின் தார்ன்டன் தொமாசெட்டி, உள்ளூர் ரன்ஹில் பெர்செகுத்து ஆகிய நிறுவனங்களுடையது. ஆனாலும் அந்தக் கோபுரத்தின் எலும்பில் கானின் யோசனை இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், புரோஜெக்கில் இதற்கு அரைப் பக்கம் போதும். 1929 ஏப்ரல் 3, டாக்கா. அப்பா கணித ஆசிரியர். கல்கத்தா அருகே ஷிப்பூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது கலவரம் வந்தது. டாக்கா திரும்பி அஹ்சானுல்லா பொறியியல் கல்லூரியில் முடித்தார். 1952இல் உதவித்தொகையில் அமெரிக்கா போய், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டில் இரண்டு முதுகலைப் பட்டமும் ஒரு முனைவர் பட்டமும் வாங்கினார். 1955இல் சிக்காகோவில் ஸ்கிட்மோர் ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை. இடையில் பாகிஸ்தான் திரும்பி கராச்சியில் அரசு வேலை பார்த்தார். 1960இல் மீண்டும் சிக்காகோ. 1966இல் நிறுவனப் பங்குதாரர். 1971 போரின்போது வங்காளதேச மக்களுக்காக அமெரிக்காவில் நிதி திரட்டியவர்களில் முன்னால் நின்றவர். இவ்வளவுதான். மிச்சப் பக்கங்களைக் காற்றுக்கு ஒதுக்குங்கள்.

ஆமாம், காற்றுக்குத்தான். நம் ஊர்க் கடைவீடு இரண்டு மாடி. அதற்குத் தன் எடையைத் தாங்குவதுதான் பெரிய வேலை. மாடி கூடக்கூடக் கணக்கு மாறிவிடும். மாடி இரட்டித்தால் எடை ஏறத்தாழ இரட்டிக்கும். காற்றின் கதை வேறு. உயரம் இரட்டித்தால் காற்று படும் பரப்பும் இரட்டிக்கிறது, அது தள்ளும் புள்ளியும் இரட்டை உயரத்துக்குப் போகிறது. எனவே அடியில் கட்டடத்தைச் சாய்க்கப் பார்க்கும் திருப்புவிசை 4 மடங்கு. அதே குறுக்களவில் கட்டினால் உச்சியின் ஆட்டம் 16 மடங்கு. இது காற்று வேகம் எல்லா உயரத்திலும் ஒன்றே என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் மேலே போகப்போக வேகமும் கூடும், ஆகவே நிலைமை இதைவிட மோசம்.

கானுக்கு முன் என்ன செய்தார்கள்? கட்டடம் முழுக்கத் தூணும் பீமும், மூட்டுகளை இறுக்கமாகப் பிணைத்த சட்டகம். அதில் தூணும் பீமும் வளைந்து வளைந்துதான் காற்றை எதிர்க்க வேண்டும். ஓர் அளவுக்கு மேல் போனால், எடை தாங்கத் தேவையில்லாத இரும்பைக் காற்றுக்காகவே கூடுதலாகப் போட வேண்டிவரும். உயரத்துக்குக் கட்டும் அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான் குறைத்தது அந்த அபராதத்தைத்தான். உலகிலேயே உயரமானது என்ற பெயர் அதன் பின்னாலேயே வந்தது. பத்திரிகைகள் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டன.

எப்படிக் குறைத்தார்? காற்றை எதிர்க்கும் தூண்களை வெளிச்சுவருக்குக் கொண்டுவந்தார். ஒரு தூண் வளைவை எதிர்க்கும் திறன், அதன் குறுக்குப் பரப்பையும் நடுக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய அளவு. நடுவிலிருந்து 5 மீட்டரில் நிற்கும் தூணை 15 மீட்டருக்குத் தள்ளினால், ஒரு கிலோ இரும்பு கூட்டாமல் பலன் 9 மடங்கு. மொத்தக் கட்டடமும் தரையில் ஊன்றிய ஒரு குழாய்போல நின்று காற்றை வாங்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. காற்று அடிக்கும் பக்கத்துத் தூண்கள் மேலே இழுபடப் பார்க்கும். தளங்களின் எடையையும் அதே வெளித்தூண்களில் இறக்கினால் அந்த இழுப்பு அடங்கிவிடும். எடையே நங்கூரம்.

இந்த முறையில் அவர் கட்டிய முதல் கட்டடம் சிக்காகோவின் டிவிட்-செஸ்ட்நட் அடுக்ககம், 43 மாடி, கான்கிரீட், 1960களின் நடுவில். வெளித்தூண்களுக்கு இடையே 1.68 மீட்டர்தான். இவ்வளவு நெருக்கம் ஏன்? வெளியே தூணை வைத்தால் மட்டும் குழாய் ஆகாது. ஒரு தூண் வாங்கும் விசையைப் பக்கத்துத் தூணுக்குக் கடத்த பீம் வேண்டும், அந்தப் பீம் வளைந்துகொடுத்தால் விசை வழியிலேயே கரைந்துபோகும். மூலைத் தூண்கள் அளவுக்கு மீறிச் சுமக்க, முகப்பின் நடுத்தூண்கள் சும்மா நிற்கும். இதுதான் குழாய் முறையின் நோய். கானின் அடுத்தடுத்த கட்டடங்களை இந்த நோய்க்கு அவர் பார்த்த வெவ்வேறு வைத்தியங்களாகப் படித்தால் எல்லாம் தெளிவாகும்.

முதல் வைத்தியம் தூண்களை நெருக்கி, பீமை ஆழமாக்குவது. இதில் சன்னல் சிறுத்துவிடும். இரண்டாவது, முகப்பின் குறுக்கே பெரிய எக்ஸ் போடுவது. சிக்காகோவில் 100 மாடி, 344 மீட்டர் ஜான் ஹான்காக் சென்டர் அப்படித்தான் எழுந்தது. தோட்டத்தில் லயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இரும்புத் தண்ணீர்த் தொட்டியின் கால்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி பார்த்திருப்பீர்கள். அதே வேலையை இங்கே 18 மாடி உயரமுள்ள எக்ஸ் செய்கிறது. மூலைவிட்டக் கம்பி வளையாது, நீளவாக்கில் இழுபடும் அல்லது நசுங்கும். இரும்புக்கு அது சுலபமான வேலை. அடியில் சுமார் 80க்கு 50 மீட்டர், உச்சியில் 49க்கு 30 மீட்டர் என்று கட்டடமே குறுகிக்கொண்டு போகும். தளப்பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 145 கிலோ இரும்பு. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சுமார் 206 கிலோ. அபராதம் குறைந்தது என்றேனே, இந்த இரண்டு எண்ணையும் புரோஜெக்கில் கட்டாயம் போடுங்கள்.

ஹான்காக்கில் ஒரு கோளாறும் நடந்தது, அது மண்ணுக்கு அடியில். கட்டிக்கொண்டிருக்கும்போதே ஓர் அடித்தளத் தூண் இறங்கியது. கான்கிரீட் ஊற்றிய பின் இரும்பு உறையை மேலே இழுத்தபோது கான்கிரீட்டும் கூடவே கிளம்பி, உள்ளே வெற்றிடம் விழுந்திருந்தது. வேலையை மாதக்கணக்கில் நிறுத்தி, மற்றத் தூண்களையும் சோதித்த பிறகே மேலே போனார்கள். மேலே எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும் கீழே ஒரு கால் ஏமாற்றினால் தீர்ந்தது. பேராக்கில் இருப்பவருக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை: 1885இல் கட்டிய தெலுக் இந்தான் கோபுரம், 25.5 மீட்டர், உச்சியில் தண்ணீர்த் தொட்டி, அடியில் இளகிய மண். சாய்ந்துவிட்டது.

மூன்றாவது வைத்தியம்தான் சிக்காகோவின் சியர்ஸ் கோபுரம், இன்றைய வில்லிஸ் கோபுரம். 110 மாடி, 442 மீட்டர். ஒரே பெரிய குழாய்க்குப் பதில் 23 மீட்டர் சதுரத்தில் ஒன்பது குழாய்கள், மூன்றுக்கு மூன்றாக ஒட்டி. உள்ளே ஓடும் இரண்டு வரிசைத் தூண்கள் முகப்பின் நடுத்தூண்களையும் வேலைக்கு இழுத்துவிடுகின்றன. அதனால் வெளித்தூண் இடைவெளியை 4.6 மீட்டர் வரை விரிக்க முடிந்தது, சன்னலும் பெரிதானது. 50ஆம் மாடியில் இரண்டு குழாய்கள் நின்றுவிடும், 66இல் இன்னும் இரண்டு, 90இல் மூன்று. மிச்சம் இரண்டுதான் உச்சி வரை. இரண்டு மாடி உயரத் தூணில் பாதிப் பாதிப் பீம்களைப் பட்டறையிலேயே வெல்டிங் செய்து கொண்டுவந்து, மேலே பீமின் நடுவில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். காற்றால் வரும் வளைவு பீமின் நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் அந்த இடத்தில் இணைப்பு லேசாக இருந்தால் போதும். எனக்கு இந்தக் கோபுரத்தில் பிடித்த விஷயமே இதுதான், உயரம் இல்லை.

எல்லாம் ஒரே ஆளின் மூளையிலிருந்து வந்ததாக எழுதிவிடாதீர்கள். ஹான்காக், சியர்ஸ் இரண்டுக்கும் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம். எக்ஸ் போட்ட மூலைவிட்டக் குழாயை முன்பே கான், கட்டடக் கலைஞர் மைரன் கோல்ட்ஸ்மித்தோடு சேர்ந்து ஒரு மாணவரின் ஆய்வேட்டில் அலசியிருந்தார். கணக்குகளில் கூட நின்றவர் இந்தியாவிலிருந்து போன ஸ்ரீனிவாச ஐயங்கார். கடைசிக் காலத்தில் ஜெத்தா விமான நிலைய ஹஜ் முனையத்துக்குக் கானின் குழு போட்டது கூடாரக் கூரை: 45 மீட்டர் சதுரத்தில் 210 கூடாரங்கள், டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணி. தோட்டக் கணக்கில் ஏறக்குறைய 105 ஏக்கர் நிழல்.

இப்போது கேஎல்சிசி. நடுவில் கான்கிரீட் மையச்சுவர், வெளியே வட்டமாக 16 தூண்கள், அவற்றைக் கட்டும் வளைய பீம். குழாய்க்குள் குழாய் என்ற இந்த ஏற்பாட்டைக் கான் 1971இல் ஹூஸ்டனின் ஒன் ஷெல் பிளாசாவில் கான்கிரீட்டில் செய்து காட்டியிருந்தார். கேஎல்சிசியில் தூண்கள் அகலமாக விட்டு நிற்கின்றன, எனவே அது கொஞ்சம் மென்மையான குழாய். குறையை மையச்சுவர் ஈடுகட்டுகிறது. இரும்பை விட்டுக் கான்கிரீட்டுக்குப் போனதற்கு மூன்று காரணம்: இங்கே இரும்பை இறக்குமதி செய்ய வேண்டும், கான்கிரீட் வேலை நம் ஆட்களுக்குக் கைவந்தது, மேலும் கனமான கான்கிரீட் காற்றில் ஆடுவது குறைவு. 1996இல் 452 மீட்டரில் சியர்ஸிடமிருந்து உலகிலேயே உயரமானது என்ற பட்டத்தைப் பறித்தது ஊசிமுனையை வைத்து. கூரையை மட்டும் பார்த்தால் சியர்ஸ்தான் மேலே. இதில் சண்டை போட வேண்டாம், இரண்டு எண்ணையும் எழுதிவிட்டு நகருங்கள்.

மாடலுக்கு வருவோம். தூணுக்குச் சாத்தே குச்சி 32, பிறகு எக்ஸ் போடத் தனியாகக் கொஞ்சம், தடித்த அட்டை, சூடாக்கி ஒட்டும் பசை, நூல், அரை கிலோ சீனிப் பொட்டலம், அடிக்குப் பலகை. இரண்டு கோபுரம், ஒவ்வொன்றுக்கும் 16 குச்சி. ஒன்றில் குச்சிகளை 5 செ.மீ. சதுரத்தின் ஓரமாக நடுங்கள், மற்றதில் 15 செ.மீ. சதுரத்தின் ஓரமாக. இரண்டிலும் ஒரே உயரத்தில் நான்கு அட்டைத் தளங்கள். கோபுரத்தின் உச்சியில் நூலைக் கட்டி, மேசை விளிம்பு வழியாகச் சீனியைத் தொங்கவிட்டு, உச்சி எவ்வளவு நகர்கிறது என்று ரூலரால் அளக்க வேண்டும். பலகையை மேசையோடு இறுக்கிக் கட்டாவிட்டால் பலகை தூக்கிக்கொள்ளும், அளவு கெட்டுப்போகும்.

இந்தக் கட்டத்தில் அகலக் கோபுரம் ஒன்பது மடங்கு விறைப்பாக இருக்காது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடும், ஏனென்றால் ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாக வளைகிறது. மாடல் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்து இரண்டுக்கும் நான்கு முகத்திலும் மிச்சக் குச்சிகளால் எக்ஸ் போட்டு, தொடும் இடமெல்லாம் பசை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுமே விறைக்கும், அகலக் கோபுரம் முந்தும். அப்போதும் முழு ஒன்பது மடங்கு வராது. பசை மூட்டு கொஞ்சம் கொஞ்சம் நழுவும், அட்டை நசுங்கும். நான்கு அளவுகளையும் ஒரு அட்டவணையில் போட்டு, எக்ஸ் இல்லாத வரிசை ஏன் தோற்றது என்று உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள், தம்பி. ஆசிரியர் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.